ஒரு லிட்டர் பாலில் எவ்வளவு பால்கோவா வரும்? ஒருமுறை வீட்டுல கிண்டிப் பாருங்க!

தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னாடி எடப்பாடி கடைவீதிப் பக்கம் போனா, பேக்கரி வாசல்கள்ல ஸ்வீட் பாக்ஸ் அடுக்க ஆரம்பிச்சிருப்பாங்க. ஒரு கடையில பால்கோவா ஒரு விலை. நாலு கடை தள்ளிப் போனா கிட்டத்தட்ட பாதி விலை. ரெண்டும் அதே வெளிர் பழுப்பு நிறம், ரெண்டுலயும் மேல முந்திரி. எதை வாங்குவீங்க?

'விலை கம்மியா இருக்கிறதை வாங்கலாம்'னு ஒரு மனசு சொல்லும். 'அதுல என்னத்தக் கலந்தானோ'ன்னு இன்னொரு மனசு சொல்லும். இந்தக் குழப்பம் தீர ஒரு வழி இருக்கு. ஒரே ஒரு தடவை, ஒரு லிட்டர் பாலை வாங்கி நீங்களே பால்கோவா கிண்டிப் பாருங்க. அன்னைக்குச் சாப்பிட ஸ்வீட் கிடைக்கும். அதோட, இனிமே எந்தக் கடையில விலைப்பலகையைப் பார்த்தாலும் மனசுக்குள்ள ஒரு கணக்கு ஓடும். அந்தக் கணக்குதான் முக்கியம்.

எடப்பாடிக்குப் பழகின விஷயம்தான்

இனிப்பு கெடாம இருக்கணும்னா என்ன செய்யணும்னு எடப்பாடிக்காரங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்ல. தைப்பூசத்தை ஒட்டி பழனிக்குக் காவடி எடுத்துப் போற எடப்பாடி பருவதராஜகுலத்துக்காரங்க, மலைக்கோயில்ல ஒரு ராத்திரி தங்கி வழிபடுற வழக்கம் தலைமுறை தலைமுறையா இருக்கு. அப்போ அங்க டன் கணக்குல பஞ்சாமிர்தம் தயாராகும். ஊருக்குத் திரும்பினதும் அது வீட்டுக்கு வீடு பிரசாதமா வரும்.

வாழைப்பழம் வாங்கி வெச்சா ரெண்டு நாள்ல கறுத்துப் போயிடுது. அதே பழம் பஞ்சாமிர்தத்துல எத்தனையோ நாள் நிக்குது. காரணம், அதுல சொட்டுத் தண்ணி சேர்க்குறதில்ல. பழத்துல இருக்கிற ஈரத்தையும் சர்க்கரையும் தேனும் பிடிச்சு வெச்சுக்குது. கிருமி வளர ஈரம் வேணும், அந்த ஈரம் அதுக்குக் கிடைக்காது.

பால்கோவாவும் இதே வேலைதான், வழி மட்டும் வேற. இங்க தண்ணியை நெருப்பு வெளியேத்துது. மிச்சம் இருக்கிற கொஞ்ச ஈரத்தைச் சர்க்கரை பிடிச்சுக்குது. பிரிட்ஜ் இல்லாத காலத்துல மிஞ்சின பாலைக் காப்பாத்த வீடுகள்ல இருந்த வழிகள்ல இதுவும் ஒண்ணு. தயிரா உறை ஊத்தலாம், வெண்ணெய் எடுத்து நெய்யா உருக்கலாம், இல்லேன்னா சுண்டக் காய்ச்சலாம்.

இது நம்ம ஊர் யோசனை மட்டும் இல்ல. சோமாலியாவுல பாலும் சர்க்கரையும் காய்ச்சி மிட்டாயாத் துண்டு போடுறாங்க. தென் அமெரிக்காவுல இதே ரெண்டையும் வெச்சு 'டுல்சே டி லெச்சே'ன்னு பழுப்பு நிறக் கூழ் பண்ணுறாங்க. இலங்கையில டின் பால், சர்க்கரை, முந்திரி சேர்த்து 'மில்க் டொஃபி' கிண்டுறாங்க. நம்ம பக்கம் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா 2019-ல புவிசார் குறியீடு வாங்கிச்சு. அதே வருஷம்தான் பழனி பஞ்சாமிர்தத்துக்கும் அந்தக் குறியீடு கிடைச்சது.

முதல்ல கணக்கு

ஆரஞ்சு பாக்கெட் ஆவின் பாலை எடுத்துக்குங்க. இது நிறை கொழுப்புப் பால். கொழுப்பு 6 சதவீதம், கொழுப்பு இல்லாத மத்த திடச்சத்து 9 சதவீதம். சொசைட்டிக்குப் பால் ஊத்துற வீடுகள்ல 'ஃபேட், எஸ்.என்.எஃப்'னு பேசுறது இதைத்தான். ரெண்டையும் கூட்டினா 15 சதவீதம். மீதி 85 சதவீதம் தண்ணி.

ஒரு லிட்டர் பாலோட எடை ஏறக்குறைய 1,030 கிராம். அதுல 15 சதவீதம்னா சுமார் 155 கிராம். பாலை எவ்வளவு பக்குவமாக் காய்ச்சினாலும், யார் காய்ச்சினாலும், அதுல இருந்து வரப்போற சரக்கு அவ்வளவுதான்.

இதோட 100 கிராம் சர்க்கரை போடுறோம். 255 கிராம் ஆச்சு. கோவா மெத்துனு இருக்கணும்னா கொஞ்சம் ஈரமும் வேணும். எல்லாம் சேர்த்து 300 கிராம் பக்கம் வரும். அதாவது ஒரு லிட்டர் பால்ல 800 மில்லிக்கு மேல தண்ணியை ஆவியா அனுப்பிட்டுத்தான் இந்த 300 கிராம் கையில கிடைக்குது. அதுக்கு ஏறக்குறைய 100 கிராம் கேஸ் செலவாகும். கூடவே முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் உங்க கையும் வேலை செய்யணும்.

இந்த எண்களை ஞாபகம் வெச்சுக்குங்க. கடைசியில திரும்ப வருவோம்.

எந்தப் பால் நல்லது?

- எருமைப் பால்: கொழுப்பும் திடச்சத்தும் அதிகம். கோவா நிறைய வரும், வழுவழுன்னு இருக்கும்.
- பசும்பால்: கொஞ்சம் குறைவா வரும், ஒரு லிட்டருக்கு 270 கிராம் பக்கம். நிறம் லேசா மஞ்சள் தட்டும், வாசம் நல்லா இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர்ல பசும்பால்தான்.
- நீல பாக்கெட் பால்: கொழுப்பு 3 சதவீதம்தான். கோவா வரும், ஆனா அளவு குறையும், கொஞ்சம் வறட்சியா இருக்கும்.

பக்கத்துத் தோட்டத்துல கறந்த பால் கிடைச்சா ரொம்ப நல்லது. ஒண்ணு மட்டும் கவனம். வெயில் காலத்துல காலையில கறந்த பாலை மத்தியானம் வரைக்கும் வெளிய வெச்சிருந்தா லேசாப் புளிக்க ஆரம்பிச்சிருக்கும். அந்தப் பாலைக் காய்ச்சினா திரிஞ்சிடும். சந்தேகமா இருந்தா ஒரு கரண்டி பாலைத் தனியாக் கொதிக்க வெச்சுப் பாருங்க. திரியலைன்னா மிச்சத்தை அடுப்புல ஏத்துங்க.

கிண்டலாம் வாங்க

தேவையானவை: நிறை கொழுப்புப் பால் 1 லிட்டர், சர்க்கரை 100 கிராம், நெய் 1 டீஸ்பூன், ஏலக்காய் 2 அல்லது 3. ஏலக்காய் கட்டாயம் இல்ல. பால் வாசம் மட்டும் போதும்கிறவங்க விட்டுடலாம்.

பாத்திரம்தான் பாதி வேலை. அடி கனமா, வாய் அகலமா இருக்கிற உருளியோ வடச்சட்டியோ எடுங்க. வாய் எவ்வளவு அகலமோ அவ்வளவு சீக்கிரம் தண்ணி ஆவியாகும். பால் காய்ச்சுற குறுகலான பாத்திரத்துல வெச்சா ரெண்டு மணி நேரம் ஆனாலும் ஆச்சரியமில்ல. பாலோட அளவைப் போல மூணு மடங்காவது பாத்திரம் பெருசா இருக்கட்டும், இல்லைன்னா பொங்கி அடுப்பெல்லாம் வழியும். கிண்டுறதுக்குத் தோசைத் திருப்பி மாதிரி நுனி தட்டையா, காம்பு நீளமா ஒண்ணு வேணும். உருண்டைக் கரண்டி அடியைச் சுரண்டாது.

முதல் 20 நிமிஷம்: பாலை ஊத்திப் பெரிய தீயில கொதிக்க விடுங்க. பொங்கி வந்ததும் தீயைக் கொஞ்சம் குறைச்சு, அடிக்கடி கிளறுங்க. ஓரத்துல ஆடை படியும். அதைச் சுரண்டிச் சுரண்டிப் பாலுக்குள்ளயே விடுங்க. அதுதான் கோவாவுல அங்கங்க தட்டுப்படுற திரட்சி.

அடுத்த 15 நிமிஷம்: பால் பாதியாகியிருக்கும். நிறம் வெள்ளையிலிருந்து தந்த நிறத்துக்கு மாறும். இங்க இருந்து போனைக் கீழ வெச்சுடுங்க, இனிமே கை நிக்கக் கூடாது. பால்ல இருக்கிற புரதம் சூட்டுல அடியில போய் ஒட்டும். அது கருகினா மொத்தப் பாலுக்கும் அடிப்பிடிச்ச வாசம் ஏறிடும், அதை எதைப் போட்டும் மாத்த முடியாது.

அதுக்கப்புறம்: பால் கால் பாகமாகி, தோசை மாவு மாதிரி கெட்டியா 'பொளக் பொளக்'னு குமிழ் விடும். தீயைக் குறைச்சுட்டுச் சர்க்கரையைப் போடுங்க. போட்ட உடனே திரும்பத் தண்ணியா இளகும். 'போச்சு, கெட்டுப்போச்சு'ன்னு பயந்துடாதீங்க. சர்க்கரை, மிச்சமிருக்கிற ஈரத்துல கரையுது, அவ்வளவுதான். 10 நிமிஷம் விடாமக் கிண்டினா மறுபடி கெட்டியாகும்.

இந்த நேரத்துல கோவா தெறிக்கும். சர்க்கரை கலந்த சூடான பால் கொதிக்கிற தண்ணியை விட மோசம், தோல்ல ஒட்டிக்கிட்டுச் சுடும். குட்டிப் பசங்களை அடுப்புப் பக்கம் விடாதீங்க.

எப்ப இறக்குறது? கரண்டியால நடுவுல ஒரு கோடு இழுங்க. கோடு உடனே மூடாம, அடி தெரிஞ்சபடி ரெண்டு மூணு நொடி நின்னுச்சுன்னா பதம் வந்தாச்சு. நெய்யும் ஏலக்காய்த்தூளும் போட்டு ஒரு கிளறு கிளறி இறக்கிடுங்க. பார்க்கக் கொஞ்சம் இளக்கமாத்தான் இருக்கும். ஆறும்போது கெட்டியாகும். 'இன்னும் கொஞ்சம்'னு அடுப்புலயே வெச்சிருந்தா ஆறினதும் கல்லாயிடும்.

நிறம் எங்கிருந்து வந்துச்சுன்னு யோசிச்சீங்களா? நாம எதுவும் சேர்க்கலை. பால்ல இருக்கிற சர்க்கரையும் புரதமும் சூட்டுல ஒண்ணோடு ஒண்ணு வினைபுரிஞ்சு பழுப்பாகுது, அந்த வாசமும் அப்படி வர்றதுதான். ரொட்டி மேல பழுப்பேறுறதும் இதே வினைதான், 'மெய்லார்ட் வினை'ன்னு பேர். இதுக்கு நேரம் வேணும். அதனாலதான் பொறுமையாக் கிண்டின கோவாவோட வாசத்தை அவசரக் கோவாவுல கொண்டுவர முடியறதில்ல.

மிட்டாயாத் துண்டு போடணுமா?

ஸ்பூன்ல எடுக்காம, கையில எடுத்துக் கடிக்கிற மாதிரி வேணும்னா சர்க்கரையை 200 கிராமாக்குங்க. கெட்டியானதும் ஒரு துளியை எடுத்துக் குளிர்ந்த தண்ணியில விடுங்க. கரையாம, விரலால உருட்டினா மெத்துனு உருண்டையா வரணும். தெர்மாமீட்டர் இருந்தா 115 டிகிரி செல்சியஸ் பக்கம். நெய் தடவின தட்டுல கொட்டிச் சமப்படுத்தி, வெதுவெதுப்பா இருக்கும்போதே கத்தியால கோடு போடுங்க. முழுசா ஆறின பிறகு வெட்டினா உடையும்.

வெல்லம் போட்டா?

இந்தப் பக்கம் வெல்லத்துக்குப் பஞ்சமில்ல. நாமக்கல் மாவட்டத்துல ஜேடர்பாளையம், பிலிக்கல்பாளையம்னு காவிரிக் கரையோரம் ஆலைக் கொட்டகைகள் நிறைய. வெல்லம் போட்ட திரட்டுப்பால் தனி ருசி. அதுல ஒரு சூட்சுமம் இருக்கு. வெல்லத்துல லேசாப் புளிப்புத்தன்மை உண்டு. கொதிக்கிற பால்ல நேராப் போட்டா பால் திரிஞ்சிடும்.

அதனால 125 கிராம் வெல்லத்தைக் கொஞ்சம் தண்ணியில கரைச்சு வடிகட்டி ஆற வெச்சுக்குங்க. பால் நல்லாக் கெட்டியான பிறகு தீயை அணைச்சுட்டு, கொஞ்சம் கொஞ்சமா ஊத்திக் கலந்து, அப்புறம் சின்னத் தீயில கிண்டுங்க. லேசாத் திரிதிரியா வந்தாலும் பரவாயில்ல, திரட்டுப்பாலுக்கு அதுதான் அழகு. வெல்லம் வாங்கும்போது பளபளன்னு எலுமிச்சை மஞ்சள்ல இருந்தா ஒதுக்கிடுங்க. அடர் பழுப்பு வெல்லம் பார்க்கச் சுமாரா இருந்தாலும் சாப்பிட நல்லது.

சொதப்பினா என்ன பண்றது?

- பால் திரிஞ்சு போச்சு: ஆரம்பத்துலயே திரிஞ்சா கோவா ஆசையை விட்டுடுங்க. வாசம் சரியா இருந்தா வடிகட்டிப் பன்னீராக்கிடலாம். புளிச்ச வாடை அடிச்சா கொட்டிடுங்க.
- லேசா அடிப்பிடிச்சிருச்சு: சுரண்டாதீங்க. மேல இருக்கிறதை மட்டும் உடனே வேற பாத்திரத்துக்கு மாத்துங்க.
- ரொம்பக் கெட்டியாயிருச்சு: ரெண்டு மூணு டேபிள்ஸ்பூன் சூடான பால் ஊத்தி, சின்னத் தீயில பிசைஞ்சு விட்டா இளகும்.
- பல்லுல நரநரங்குது: சர்க்கரை முழுசாக் கரையறதுக்கு முன்னாடி ஈரம் வத்திடுச்சு. அடுத்த தடவை கொஞ்சம் முன்கூட்டியே சர்க்கரை போடுங்க.

10 நிமிஷப் பால்கோவா ரீல்ஸ் பொய்யா?

பொய் இல்ல. கண்டென்ஸ்டு மில்க்னா ஏற்கெனவே சர்க்கரை சேர்த்துச் சுண்ட வெச்ச பால். 1856-லயே அமெரிக்காவுல கெயில் போர்டன் இதுக்குக் காப்புரிமை வாங்கிட்டார். பால் பவுடர்ல தண்ணி முழுசாவே எடுத்தாச்சு. நீங்க ஒரு மணி நேரம் பண்ற வேலையைத் தொழிற்சாலை முன்னாடியே பண்ணிக் கொடுக்குது. விருந்தாளி வாசல்ல வந்து நிக்கும்போது இது கை கொடுக்கும், தப்பே இல்ல. இலங்கை மில்க் டொஃபியே டின் பால்ல பிறந்த ருசிதானே!

ஆனா டின்ல சர்க்கரை அளவு நம்ம கையில இல்ல. அந்த மெதுவான வறுபட்ட வாசமும் வராது. ரெண்டையும் ஒரு தடவை பக்கத்துல வெச்சுச் சாப்பிட்டுப் பாருங்க, வித்தியாசத்தை நாக்கே சொல்லிடும்.

இப்ப கடைக்குப் போவோம்

ஒரு லிட்டர்ல 300 கிராம்னா, ஒரு கிலோ பால்கோவாவுக்கு மூணே கால் லிட்டருக்கு மேல நல்ல பால் வேணும். சர்க்கரையை ரெண்டு மடங்காக்கினாலும் ரெண்டரை லிட்டருக்குக் கீழ இறங்காது. உங்க ஊர்ல இன்னைக்கு ஒரு லிட்டர் பால் என்ன விலையோ, அதை மூணே காலால பெருக்குங்க. மேல சர்க்கரை, எரிபொருள், கூலி, கடை வாடகை.

இப்ப அந்தப் பாதி விலை பால்கோவாவைப் பாருங்க. கிலோ விலை, ரெண்டரை லிட்டர் பால் விலையை விடக் குறைவா இருக்கா? அப்ப அதுல பாலைத் தவிர வேற என்னமோ எடையைக் கூட்டியிருக்கு. பால் பவுடரா இருக்கலாம். அதுல குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல, ஆனா கேட்டா மறைக்காமச் சொல்லணும். மைதாவோ ஸ்டார்ச்சோ வனஸ்பதியோ இருந்தா, பால் விலை கொடுத்து வேற எதையோ வாங்குறோம்னு அர்த்தம்.

ஸ்டார்ச் இருக்கான்னு வீட்டுலயே பார்க்கலாம். ஜவ்வரிசிக்குப் பேர் போன சேலம் மாவட்டத்துல ஸ்டார்ச்னா என்னன்னு யாருக்கும் விளக்க வேண்டாம். ஒரு ஸ்பூன் கோவாவைக் கொஞ்சம் தண்ணியில போட்டு நல்லாக் கொதிக்க வெச்சு, முழுசா ஆற விடுங்க. மெடிக்கல்ல கிடைக்கிற டிங்ச்சர் அயோடின் ரெண்டு மூணு சொட்டு விடுங்க. நீல நிறமா மாறினா மாவு கலந்திருக்கு. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யே மக்களுக்குச் சொல்லித் தர்ற சோதனைதான் இது. சோதிச்சதைக் கொட்டிடுங்க, வாயில வெச்சுடாதீங்க. ஒண்ணு ஞாபகம் இருக்கட்டும், இது மாவை மட்டும்தான் காட்டும். வனஸ்பதியைக் காட்டாது.

இதே கணக்கு இன்னொரு பக்கமும் உதவும். பால்காரர் கொடுக்கிற பால்ல எப்பவும் 270 கிராம் வந்து, திடீர்னு ஒரு நாள் 200 கிராம்தான் வந்துச்சுன்னா, தண்ணி எங்கிருந்து வந்துச்சுன்னு நீங்க கேட்கலாம். லாக்டோமீட்டர் இல்லாத வீட்டுல வடச்சட்டிதான் லாக்டோமீட்டர்.

வெச்சுச் சாப்பிட

வீட்டுக் கோவாவுல கெடாம இருக்க எதுவும் சேர்க்கலை. வெளிய வெச்சா ரெண்டு நாள், வெயில் காலத்துல ஒரே நாள். பிரிட்ஜ்ல ஒரு வாரம் தாங்கும். ஈரக் கரண்டி மட்டும் வேண்டாம். பஞ்சாமிர்த டப்பாவுல ஈரக் கையை விட்டா வீட்டுப் பெரியவங்க அதட்டுவாங்களே, அதே காரணம்தான்.

அளவும் முக்கியம். 300 கிராம்ல 100 கிராம் நாம போட்ட சர்க்கரை. 30 கிராம் கோவா சாப்பிட்டா 10 கிராம் சர்க்கரை உள்ள போகுது. ஒரு நாளைக்கு இப்படிச் சேர்க்கிற சர்க்கரை 25 கிராமுக்குள்ள இருந்தா நல்லதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. காலையில குடிச்ச காபி, டீ சர்க்கரையும் இந்தக் கணக்குல வரும். சர்க்கரை நோய் இருக்கிற அப்பாவுக்கோ அம்மாயிக்கோ ஆசையாக் கொடுக்கிறதுக்கு முன்னாடி யோசிச்சுக் கொடுங்க.

இந்த ஞாயித்துக்கிழமை ஒரு லிட்டர்ல ஆரம்பிங்க. முடிச்சதும் தராசுல வெச்சு எடை பாருங்க. வந்த எண்ணைச் சமையலறைக் காலண்டர்ல குறிச்சு வெச்சுடுங்க. தீபாவளிக்குக் கடைக்குப் போகும்போது அந்த எண் உங்களுக்குத் துணைக்கு வரும்.